எட்டாம் எண்ணை மேலே ஏற்றுங்கள்: நியூயார்க் நிக்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நியூயார்க் நிக்ஸ் அணி நிர்வாகத்தினருக்கும் மேடிசன் ஸ்கொயர் கார்டன் பொறுப்பாளர்களுக்கும்,

உங்கள் கூடைப்பந்து அணியின் முதல் கறுப்பின வீரரான நேட் ‘ஸ்வீட்வாட்டர்’ கிளிஃப்டன் முதன்முதலில் களமிறங்கி 2025 நவம்பரோடு 75 ஆண்டுகள் நிறைந்தன. பெரிய ஆட்டக்காரர் ஒருவரின் சட்டை எண்ணைப் பதாகையாக அரங்கின் கூரையில் ஏற்றி, பொதுவாக அதற்குப் பிறகு வேறு யாருக்கும் கொடுக்காமல் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுப்பது அணிகள் செய்யும் மரியாதை. அவர் அணிந்த எட்டாம் எண் இன்னும் உங்கள் அரங்கான கார்டனின் கூரைக்கு ஏறவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. சமூகப் பணி செய்கிறவர்களுக்கு அவர் பெயரில் நீங்களே விருது கொடுக்கிறீர்கள். அவர் யார் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் இத்தனை காலம் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். அதை ஏற்க முடியாமல்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் குயின்ஸில் வாழும் தமிழன். ஊரில் கல்லூரி அணிக்காகவும் மாவட்ட அணிக்காகவும் கூடைப்பந்து ஆடியவன். இந்த நகரத்துக்கு வந்த புதிதில் மஞ்சள் டாக்ஸி ஓட்டினேன். இப்போது வார இறுதிகளில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். இதன் ஆங்கிலப் படி உங்களுக்குத் தபாலில் வரும். தமிழில் வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பிள்ளைகளில் பலர் உங்கள் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பூங்காக்களில் பந்து தட்டுகிறார்கள். கிளிஃப்டன் யாரென்று அவர்களைப் பெற்றவர்களுக்கும் தெரிய வேண்டும்.

அவர் 1922 அக்டோபர் 13 அன்று, ஆர்கன்சா மாநிலத்தில் இங்கிலாந்து என்ற சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. பெற்றோர் வைத்த பெயர் கிளிஃப்டன் நத்தேனியல். பள்ளியில் ஆட்டக்காரராகப் பெயரெடுத்தபோது, நத்தேனியல் என்ற குடும்பப் பெயர் செய்தித் தலைப்புகளில் அடங்கவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டார்களாம். அதனால் முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறின. இனிப்புச் சோடா என்றால் அவருக்கு உயிர். வாங்கக் காசு இல்லாத வீட்டில் வெறும் புட்டியில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து குடித்ததால் வந்ததுதான் ‘ஸ்வீட்வாட்டர்’ என்ற பட்டப்பெயர். நீங்கள் விருதுக்குச் சூட்டியிருக்கும் பெயர் ஓர் ஏழைக் குடும்பத்தின் சமையலறையிலிருந்து வந்தது.

சிகாகோவின் டுசேபிள் உயர்நிலைப் பள்ளி, நியூ ஆர்லியன்ஸின் சேவியர் பல்கலைக்கழகம், இரண்டாம் உலகப் போரில் ராணுவப் பணி என்று அவருடைய இளமை கழிந்தது. திரும்பி வந்தபோது ஒரு கறுப்பின வீரர் பெரிய லீகில் கூடைப்பந்து ஆடுவது மிக அரிது. அவர் ஆடியது நியூயார்க் ரென்ஸ் அணியில். பாப் டக்ளஸ் 1923இல் தொடங்கிய அணி அது. ஹார்லெமில் ஒரு நடன அரங்கைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடியது. 1939இல் சிகாகோவில் நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியில் கோப்பையை வென்றது. அந்த நடன அரங்கு 2015இல் இடிக்கப்பட்டுவிட்டது. கூடைப்பந்தில் இந்த நகரம் பெருமைப்பட எத்தனையோ இருக்கிறது. ஆனால் அந்த இடத்தைக் காப்பாற்ற நகரத்தால் முடியவில்லை. ரென்ஸ் அணியைப் பற்றிக் கேட்டால் எங்கள் பிள்ளைகள் விழிக்கிறார்கள். குறை அவர்களுடையது இல்லை.

1948இல் கிளிஃப்டன் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியில் சேர்ந்தார். சம்பளம் ஆண்டுக்கு 10,000 டாலர். அன்று வேறு எந்தக் கறுப்பினக் கூடைப்பந்து வீரருக்கும் அவ்வளவு கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அணியின் ஆட்டத்தில் பாதி வேடிக்கை, பாதி வித்தை. கிளிஃப்டனின் கை அதற்கென்றே அமைந்தது. ஓர் உள்ளங்கையால் பந்தைக் கவ்விப் பிடித்து, எதிரியின் முகத்துக்கு நேரே நீட்டி, சட்டென்று இழுத்துக்கொள்வார். அதே அணி 1948லும் 1949லும் அன்றைய முன்னணி அணியான மினியாபொலிஸ் லேக்கர்ஸைத் தோற்கடித்தது. வெறும் கோமாளிக் கூட்டம் என்று அவர்களைச் சொல்லிவந்தவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

இந்த இடத்தில் பேஸ்பாலைச் சொல்லியாக வேண்டும். கிளிஃப்டனைப் பற்றிய குறிப்புகளில் பேஸ்பாலுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். எனக்கோ அந்த ஒரு வரியில்தான் அவருடைய வாழ்க்கையின் அழுத்தம் தெரிகிறது. குளோப்டிராட்டர்ஸில் ஆடிக்கொண்டிருந்த அதே காலத்தில், கிளீவ்லாந்து இந்தியன்ஸ் பேஸ்பால் அணியின் மைனர் லீக் கிளை அணிகளில் அவர் முதல் பேஸில், அதாவது அடித்தவர் முதலில் ஓடித் தொட வேண்டிய முனையில், காவலாக நின்று ஆடினார். 1950ஆம் ஆண்டின் கோடை பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேரியில் கழிந்தது. 1947 ஏப்ரலில், நவீனப் பேஸ்பாலின் பெரிய லீகில் ஆடிய முதல் கறுப்பின வீரராக ஜாக்கி ராபின்சன் புரூக்ளினில் கதவைத் திறந்திருந்தார். அதே ஆண்டு ஜூலையில் லாரி டோபி கிளீவ்லாந்தில் நுழைந்தார். பேஸ்பாலில் ஒரு கறுப்பின இளைஞன் மேலே ஏறலாம் என்ற நம்பிக்கை அப்போதுதான் பிறந்திருந்தது. கூடைப்பந்தில் அந்த நம்பிக்கைகூட இல்லை. ஆகவே மார்கழிக் குளிரில் ஒரு பந்து, சித்திரை வெயிலில் இன்னொரு பந்து. எந்தக் கதவு முதலில் திறக்கிறதோ அதில் நுழைவதற்கு ஆயத்தமாக இரண்டு வாசலிலும் நின்றவர் அவர்.

மைனர் லீக் என்றால் என்னவென்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பெரிய அணிகள் சிற்றூர்களில் படிப்படியாகக் கிளை அணிகளை வைத்திருக்கும். அன்று டி வகுப்பில் தொடங்கி மூன்று ஏ வரை ஆறு படிகள் இருந்தன. ஆட்டக்காரர் பஸ்ஸில் இரவெல்லாம் பயணம் செய்து, சொற்பச் சம்பளத்துக்கு ஆடி, மேலே ஒருவர் காயப்படுவதற்கோ சோர்வதற்கோ காத்திருப்பார். கிளிஃப்டனுக்கு மேலே, அதே முதல் பேஸில், லூக் ஈஸ்டர் என்ற கறுப்பின வீரர் இருந்தார். 1950இல் ஈஸ்டர், பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடும் ‘ஹோம் ரன்’ 28 அடித்தார். அவரைத் தாண்டி யார் ஏற முடியும்? அந்த மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்குத் தொழிற்சங்கம் அமைந்ததே 2022இல்தான். முதல் கூட்டு ஒப்பந்தம் 2023இல் வந்தது. பேஸ்பாலின் அடிப்படிகளில் வியர்த்தவர்களின் பேச்சைக் கேட்க அந்த ஆட்டம் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதை இதிலிருந்து பார்க்கலாம்.

கூடைப்பந்தின் பெரிய லீகான என்பிஏவின் கதவு 1950இல் திறந்தது. இதில் உங்கள் அணிக்கு உரிய பெருமையை நான் மறைக்கவில்லை. நிக்ஸின் நிறுவனர் நெட் ஐரிஷ், கிளிஃப்டனைச் சேர்க்க அனுமதிக்காவிட்டால் அணியையே லீகிலிருந்து விலக்கிக்கொள்வதாக மற்ற உரிமையாளர்களிடம் கண்டிப்பாகச் சொன்னார் என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1950 மே மாதம் கிளிஃப்டன் உங்களிடம் ஒப்பந்தமானார். குளோப்டிராட்டர்ஸ் உரிமையாளர் ஏப் சேபர்ஸ்டீன் அவரை 12,500 டாலருக்கு விற்றார். அதில் அவர் கைக்கு வந்தது 2,500 டாலர் என்றும் பதிவுகள் சொல்கின்றன. ஒரு மனிதனின் உழைப்புக்குக் கைமாறிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

யார் முதல்வர் என்பதில் குழப்பம் வேண்டாம். அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’டில் அந்த ஆண்டு பாஸ்டன் தேர்ந்தெடுத்த சக் கூப்பர்தான் தேர்வான முதல் கறுப்பின வீரர். 1950 அக்டோபர் 31 அன்று வாஷிங்டன் அணிக்காக இறங்கிய ஏர்ல் லாய்டு, லீகில் ஆடிய முதல் கறுப்பின வீரர். மறுநாள் கூப்பர் ஆடினார். நவம்பர் முதல் வாரத்தில் கிளிஃப்டன் வந்தார். கையெழுத்தைப் பொறுத்தவரை, வாஷிங்டன் அணியுடன் ஹரால்ட் ஹன்டர் முன்னதாகவே ஒப்பந்தமாகியிருந்தார். ஆனால் பயிற்சி முகாமிலேயே கழற்றிவிடப்பட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, களத்திலும் ஆடிய முதல் கறுப்பின வீரர் கிளிஃப்டன். அந்தக் கையெழுத்து விழுந்தது உங்கள் அலுவலகக் காகிதத்தில். உங்கள் அணியே 1947இல் வாட் மிசாகா என்ற ஜப்பானிய அமெரிக்கரைச் சேர்த்து மூன்று ஆட்டங்களோடு அனுப்பிவிட்டது. ஆசியாவிலிருந்து வந்து குடியேறியவன் என்ற முறையில் அந்தப் பெயரையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஓர் ஆளைச் சேர்ப்பது வேறு, அவருக்கு இடம் கொடுத்து வைத்துக்கொள்வது வேறு. கிளிஃப்டனை நீங்கள் வைத்துக்கொண்டீர்கள், ஏழு பருவங்கள்.

அந்த ஏழு பருவங்களில் அவர் செய்த வேலையைப் புள்ளிவிவரம் சொல்லாது. ஊரில் நானும் கூடைக்கு அடியில் நின்று ஆடியவன்தான். அதனால் அந்த வேலை எனக்குத் தெரியும். உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும் எதிரணி சென்டர், அதாவது கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆட்டக்காரன், பின்பக்கத்தால் உங்களை நெட்டித் தள்ளிக்கொண்டே வருவான். நீங்கள் முன்கையை அவன் இடுப்புக்கு மேலே ஊன்றி, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் நிற்க வேண்டும். அவன் எந்தத் தோளைச் சாய்க்கிறான் என்று பார்க்கக் கூடாது. பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கையால் உணர வேண்டும். அவன் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்புவதற்குள் நீங்கள் திரும்பி அவனை முதுகால் அடைத்தால்தான் ரீபவுண்ட், அதாவது அப்படித் திரும்பி வரும் பந்து, உங்களுக்கு. இதைச் சரியாகச் செய்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள். எதிரணி சென்டருக்கு அன்று ஆட்டம் சரியில்லை என்று மட்டும் சொல்வார்கள்.

கிளிஃப்டன் 6 அடி 6 அங்குலம். அவர் இப்படி அடைத்து நிறுத்த வேண்டியிருந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் மைக்கன், 6 அடி 10 அங்குலம். மைக்கனைக் கட்டுப்படுத்த முடியாமல் லீகே 1951இல் கூடைக்கு முன்னுள்ள பாதையை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தியது. 24 வினாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்ற கடிகார விதி வந்தது 1954இல். அதற்கு முன் ஆட்டம் பெரும்பாலும் தள்ளுமுள்ளுதான். குளோப்டிராட்டர்ஸில் செய்த வித்தைகளை இந்த அணி தன்னிடம் விரும்பவில்லை என்று கிளிஃப்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தடுப்பதும் ரீபவுண்ட் எடுப்பதும்தான் அவருக்கு ஒதுக்கப்பட்டது. அந்தக் கைகளைக் கட்டிவைத்துவிட்டு ஆட்டத்துக்குச் சராசரியாக 10 புள்ளியும் 8 ரீபவுண்டுக்கு மேலும் எடுத்தார். அதுவும் லீகில் நுழையும்போதே அவருக்கு 28 வயது. ஓர் ஆட்டக்காரரின் நல்ல ஆண்டுகளில் பாதி அதற்குள் கழிந்துவிட்டிருந்தது. குறைந்த எண்களைக் காட்டி அவரை எடைபோடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அவர் வந்த முதல் மூன்று பருவங்களிலும் நிக்ஸ் இறுதிப் போட்டிக்குப் போனது. அதற்கு முன் ஒருமுறைகூடப் போனதில்லை. 1951இல் ராச்செஸ்டரிடம் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்று, அடுத்த மூன்றையும் வென்று, ஏழாவது ஆட்டத்தில் 79–75 என்று நான்கு புள்ளியில் கோட்டைவிட்டீர்கள். அந்தத் தொடரின் உள்ளூர் ஆட்டங்களுக்குக் கார்டன்கூடக் கிடைக்கவில்லை. சர்க்கஸுக்குக் கொடுத்திருந்தார்கள். லெக்சிங்டன் அவென்யூவில் உள்ள ராணுவப் பயிற்சிக் கூடத்தில் ஆடினீர்கள். 1952லும் 1953லும் மைக்கனின் லேக்கர்ஸிடம் தோல்வி. 1957இல், 34 வயதில், கிளிஃப்டன், லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அந்த வயதில் முதன்முறையாகத் தேர்வாவது என்பது இந்த ஆட்டத்தில் காணக் கிடைக்காதது. அதே ஆண்டு நீங்கள் அவரை டெட்ராய்டுக்கு மாற்றிவிட்டீர்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் அரங்குக்கு வரும்போதெல்லாம், ஆட்டம் தொடங்குவதற்கு முன் அவர்களைக் கூரையைப் பார்க்கச் சொல்வேன். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கதை சொல்வேன். 10 ஃபிரேசியர். 12 பார்னெட். 19 ரீட். 22 டிபுஷர். 24 பிராட்லி. 33 யூவிங். 613 என்பது பயிற்சியாளர் ஹோல்ஸ்மன் பெற்ற வெற்றிகள். 15 மட்டும் இரண்டு முறை தொங்கும். ஒன்று ஏர்ல் மன்றோவுக்கு, இன்னொன்று டிக் மக்வயருக்கு. முதல் கறுப்பின வீரரின் எண் எது என்று எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள். எட்டு என்றேன். அவள் கூரை முழுதும் தேடிவிட்டு, “எங்கே அங்கிள்?” என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

மக்வயரின் எண் 1992இல் ஏறியது. அது சரியான முடிவு. அதைக் குறைசொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அவர் அருமையான பாஸ் கொடுப்பவர். பின்னர் பல பதிற்றாண்டுகள் உங்கள் அணிக்கு உழைத்தவர். ஆனால் அவர் 1949 முதல் 1957 வரை ஆடினார், கிளிஃப்டன் 1950 முதல் 1957 வரை ஆடினார் என்பதைப் பாருங்கள். அதே மூன்று இறுதிப் போட்டிகள், அதே மூன்று தோல்விகள். 1957இல் இருவரும் போனது அதே டெட்ராய்டுக்கு. மக்வயர் கொடுத்த பாஸ்களில் எத்தனையோ போய்ச் சேர்ந்தது கிளிஃப்டனின் கைக்குத்தான். கோப்பை வெல்லாதது தடை என்றால் மக்வயருக்கும் யூவிங்குக்கும் அது தடையாகவில்லை. கூடைப்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் வேண்டும் என்றால், அது இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில் 2014இல் அவருக்கு இடம் கிடைத்தது. அதுவும் அவர் இறந்து 24 ஆண்டுகளுக்குப் பிறகு. லீகும் தன் பங்குக்கு, அட்லான்டிக் பிரிவின் கோப்பைக்கே அவர் பெயரைச் சூட்டியிருக்கிறது. நிக்ஸ் இருப்பது அந்தப் பிரிவில். உங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தால் கையில் கிடைப்பது கிளிஃப்டன் பெயர் பொறித்த கோப்பை. அவர் பெயருக்கு லீகின் கோப்பையில் இடம் இருக்கிறது, அவர் ஆடிய அணியின் கூரையில் இல்லை.

விருது கொடுக்கிறோமே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. விருது நல்ல காரியம். நிறுத்திவிடாதீர்கள். ஆனால் விருது மற்றவர்களின் தொண்டைப் பாராட்டுகிறது. அதில் கிளிஃப்டன் வெறும் பெயராக நிற்கிறார். கூரையில் ஏறும் எண்ணோ, இந்தத் தரையில் இந்த மனிதர் ஆடினார் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரும் கூட்டத்துக்குச் சொல்கிறது.

எட்டாம் எண்ணை இப்போது ஓ.ஜி. அனுனோபி அணிகிறாரே என்பது இன்னொரு தயக்கமாக இருக்கலாம். அதற்கும் முன்மாதிரி உண்டு. 1997இல் ஜாக்கி ராபின்சனின் 42 பேஸ்பால் முழுவதும் ஓய்வு பெற்றபோது, ஏற்கெனவே அதை அணிந்துகொண்டிருந்தவர்கள் தொடர்ந்து அணியலாம் என்று விட்டார்கள். இதே நகரத்தின் மரியானோ ரிவேரா 2013 வரை அந்த எண்ணோடு ஆடினார். 2022இல் பாஸ்டன் அணியின் பெரும் வீரர் பில் ரஸ்ஸலின் 6ஆம் எண்ணுக்கும் உங்கள் லீக் அதே ஏற்பாட்டைச் செய்தது. அனுனோபி விரும்பும்வரை அணியட்டும். அவரும் எதிரணியின் பெரிய ஆட்டக்காரர்களைத் தடுத்து நிறுத்தும் வேலையைத்தான் செய்கிறார். அந்த எண்ணுக்கு அது பொருத்தம்தான்.

இனி டாக்ஸியைப் பற்றி. டெட்ராய்டில் ஒரு பருவத்தோடு அவருடைய லீக் வாழ்க்கை 1958இல் முடிந்தது. அதன் பிறகு ஊர் ஊராகச் சுற்றும் அணிகளில் ஆடினார். குறுகிய காலமே நடந்த இன்னொரு லீகின் சிகாகோ அணியிலும் ஆடிப் பார்த்தார். பிறகு அதே சிகாகோவில் டாக்ஸி ஓட்டினார். ஒரு பருவம் இரண்டு பருவம் இல்லை, பல பதிற்றாண்டுகள். 1990 ஆகஸ்ட் 31 அன்று தன் டாக்ஸியில் ஓட்டுநர் இருக்கையிலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 67.

டாக்ஸி ஓட்டுவது இழிவு என்று நான் சொல்ல வரவில்லை. நானே ஓட்டிச் சாப்பிட்டவன். ஆனால் கூடைக்கு அடியில் ஆடித் தேய்ந்த முழங்காலோடு டாக்ஸி ஓட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உயரமான ஆள் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினால், பயணியைப் பிரிக்கும் தடுப்பு குறுக்கே நிற்கும், அதற்கு மேல் நகராது. வலது முழங்கால் ஸ்டியரிங்கின் அடியில் இடித்துக்கொண்டே இருக்கும். பிரேக்கை மிதித்து மிதித்து, 12 மணி நேரத்துக்குப் பிறகு காரிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றால்தான் கால் நீளும். முதல் பயணி ஏறுவதற்கு முன்பே கராஜுக்கு வாடகை கட்டியாக வேண்டும். உடம்பு முடியவில்லை என்று ஒரு நாள் படுத்தால் அந்த நாளின் வருமானம் போயிற்று. 67 வயதில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் உங்கள் அணியை மூன்று முறை இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்றவர்களில் ஒருவர். எங்கள் ஊரில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை கிடைத்துவிட்டால், ஆடி முடித்தவனுக்கும் மாதச் சம்பளமும் முதுமையில் ஓய்வூதியமும் உண்டு. அதை நம்பித்தான் என் தலைமுறையில் பலர் பந்தைத் தொட்டோம். உலகத்தின் மிகப் பெரிய லீகின் முன்னோடிக்கு அந்த நிம்மதியும் வாய்க்கவில்லை என்று படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை.

இந்த லீகில் ஓய்வூதியம் தானாக வந்ததில்லை. 1964 ஜனவரி 14 அன்று பாஸ்டனில் ஆல் ஸ்டார் ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவிருந்த வேளையில், உறுதிமொழி கிடைக்காமல் களத்துக்கு வர மாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆணையர் வால்டர் கென்னடி வாக்குக் கொடுத்த பிறகே வெளியே வந்தார்கள். 1965இல் வந்த திட்டம், அதற்கு முன்பே ஆடி முடித்தவர்களை வெளியே நிறுத்தியது. அந்தப் பழைய ஆட்டக்காரர்கள் உள்ளே வர நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. போட்டி லீகான ஏபிஏவின் முன்னாள் வீரர்களுக்கோ 2022இல்தான் 2 கோடியே 45 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். அதற்குள் அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். இந்த ஆட்டத்தின் வழக்கம் இப்படியே இருக்கிறது. மரியாதை வருகிறது, ஆனால் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர் போன பிறகு வருகிறது. கிளிஃப்டனுக்கு நேரில் செய்யும் காலம் கடந்துவிட்டது. அவரைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர் ஆடியதைச் சிறுவயதில் நேரில் பார்த்த சிலரும் இந்த நகரத்தில் இன்னும் இருப்பார்கள். அவர்களும் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் மேலும் சொல்ல வேண்டும். பாஸ்டன் அணியுடனான ஓர் ஆட்டத்தில் எதிரணிக்காரர் ஒருவர் இனத்தைச் சொல்லி இழிவாகப் பேச, கிளிஃப்டன் ஒரே குத்தில் அவரைச் சாய்த்தார் என்ற கதையைப் பலரும் ரசித்துச் சொல்கிறார்கள். அந்த ஒரு குத்தை நினைவில் வைப்பவர்கள், குத்தாமல் பொறுத்துக்கொண்ட மற்ற இரவுகளையும் நினைக்க வேண்டும். அன்றைய லீகில் சில ஊர்களின் விடுதிகளில் அணியோடு தங்கவும் உணவகங்களில் அணியோடு உட்காரவும் கறுப்பின வீரர்களுக்கு அனுமதி இல்லை. மறுநாள் அதே சட்டையோடு அதே அணிக்காக ஆடினார்கள். உங்கள் கூரையில் ஏற வேண்டிய எண்ணுக்கு இந்த எடையும் சேர்ந்தே இருக்கிறது.

ஆகவே நான் கேட்பவை இவை.

வரும் பருவத்தின் நவம்பர் மாதத்தில், கார்டனில் நடக்கும் உள்ளூர் ஆட்டம் ஒன்றில், கிளிஃப்டனின் எட்டாம் எண்ணைக் கூரையில் ஏற்றுங்கள். ஆட்டத்துக்கு முன் இரண்டு நிமிட ஒலிபெருக்கி அறிவிப்பாக அதை முடித்துவிடாதீர்கள். ஃபிரேசியருக்கும் யூவிங்குக்கும் செய்த அதே முறையில், விளக்கணைத்து, கூட்டம் எழுந்து நிற்க, முழு விழாவாகச் செய்யுங்கள்.

அவருடைய குடும்பத்தாரை உங்கள் செலவில் அழைத்து வந்து, எண்ணை ஏற்றும் கயிற்றை அவர்கள் கையில் கொடுங்கள். அன்று மேல்மாடங்களில் ஒரு பகுதியை ஹார்லெமின் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்குங்கள். உங்கள் டிக்கெட் விலையில் அவர்களில் எத்தனை பேர் உள்ளே வர முடியும் என்பது நீங்கள் அறியாதது இல்லை.

அரங்கின் நடைவழியில் அவருக்கு நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்கி, அவருடைய தொழில் வாழ்க்கையை முழுமையாக எழுதி வையுங்கள். நிக்ஸில் ஆடிய ஏழு பருவங்களோடு நிறுத்த வேண்டாம். ரென்ஸ் வேண்டும், குளோப்டிராட்டர்ஸ் வேண்டும், வில்க்ஸ்-பேரியின் முதல் பேஸ் வேண்டும், சிகாகோ டாக்ஸியும் வேண்டும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய எதுவும் அந்த வாழ்க்கையில் இல்லை. ரென்ஸ் அணிக்கும் அங்கேயே ஒரு சுவரைக் கொடுங்கள். அவர்களுடைய அரங்கு இடிந்துவிட்டது, உங்களுடையது நிற்கிறது.

அவர் பெயரில் கொடுக்கும் விருதோடு, 1965க்கு முன் இந்த அணியில் ஆடி இன்று முதுமையில் வறுமைப்படும் முன்னாள் வீரர்களுக்கும் அவர்களுடைய துணைவியருக்கும் ஒரு மருத்துவ உதவி நிதியை இணையுங்கள். இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலரே. உங்களுக்கு அது பெரிய செலவாக இருக்காது.

கடைசியாக, இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். எட்டாம் எண்ணை ஏற்றுவீர்கள் என்றால் தேதியைச் சொல்லுங்கள். மாட்டீர்கள் என்றால் காரணத்தைச் சொல்லுங்கள். இரண்டில் எது வந்தாலும் அதை எங்கள் பிள்ளைகளுக்கு அப்படியே படித்துக்காட்டுவேன்.

இப்படிக்கு,
குயின்ஸிலிருந்து,
உங்கள் அரங்கின் மேல்மாட ரசிகன் ஒருவன்